தொப்பி, பட்டை, கொடி

திரைக்கலைஞர் ஒருவர் இறந்தால் சென்னையில் என்னென்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். வாசலில் சாமியானா, தெருமுனை வரை கார்கள், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ரோஜா மாலைகள், மைக் நீட்டுகிறவர்களிடம் சொல்லப்படும் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’. ரொம்பப் பெரியவர் என்றால் அரசு மரியாதை உண்டு. விவேக்குக்கு 2021-லும் விஜயகாந்துக்கு 2023-லும் காவல்துறையினர் வானத்தைப் பார்த்துச் சுட்ட சத்தத்தைத் தொலைக்காட்சியில் கேட்டோம்.

2024 நவம்பர் 9 இரவு டெல்லி கணேஷ் தம் எண்பதாவது வயதில் காலமானார். ராமாபுரத்தில் அவர் வீட்டு முன்னாலும் மாலைகள், மைக்குகள், கார்கள். அவற்றுக்கு நடுவே வேறொரு கூட்டத்தார் வந்தார்கள். இந்திய விமானப்படைக்காரர்கள். உடல் மீது தங்கள் படையின் கொடியைப் போர்த்தினார்கள். தொப்பி வைத்தார்கள். பட்டைகளை வைத்தார்கள். 1964 முதல் 1974 வரை அந்தப் படையில் வேலை பார்த்தவர் அவர்.

செய்தி அவ்வளவுதான். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவரைப் பற்றிய நீண்ட இரங்கல்களுக்கு அடியில் அது ஒரு துணுக்காக வந்துபோயிற்று. எனக்கென்னவோ அந்தத் துணுக்கை விட்டு நகர முடியவில்லை. கொடி என்றால் புரிகிறது, தொப்பி என்றாலும் புரிகிறது. பட்டையை எடுத்து வர யாருக்குத் தோன்றியது?

படைக்காரர்கள் பேச்சில் அது ‘ஸ்ட்ரைப்ஸ்’. மேல்கையில் கூர்முனையாய் மடிந்து இறங்கும் கோடுகள். கார்ப்பரல் என்றால் இரண்டு, சார்ஜண்ட் என்றால் மூன்று. விமானம் ஓட்டும் அதிகாரியின் நெஞ்சில் இறக்கைச் சின்னம் இருக்கும். சினிமா போஸ்டருக்கு அது அழகு. கைக்கோட்டுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. அது வரிசையில் நிற்கிறவனுடைய அடையாளம். விடிகாலையில் எழுந்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, பதிவேட்டிலோ பட்டறையிலோ நாளெல்லாம் நின்று, விமானம் பத்திரமாக மேலே போகக் கீழே வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கு அந்தக் கோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் வருஷக்கணக்கான பொறுமை விலை.

1974-ல் சீருடையைக் கழற்றியவர் கணேசன்; டெல்லி கணேஷ் என்ற பெயர் பின்னால் வந்தது. அப்போது முப்பது வயது. அதன் பிறகு கலைமாமணி வந்தது, தமிழக அரசின் விருது வந்தது, கைத்தட்டல் வந்தது. படைக்காரர்கள் வந்தபோது இதில் எதையும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அந்தப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் அவர் எதைப் போட்டிருந்தாரோ அதையே சரியாக ஐம்பது வருஷம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அதிகமாக ஒன்றையும் சேர்க்கவில்லை. மரியாதை என்பதே கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான் என்று பழகிப்போன ஊரில் இந்த அளவு பிசகாமை எனக்குப் பெரிய அழகாகப் பட்டது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஏனாத்தூரில் பட்டுத்தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு அந்த மரியாதையின் புகைப்படத்தைக் கைபேசியில் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். “கொடி யாருக்கு வேணா போத்தலாம்ணா. அந்தப் பட்டை அவருதா பாருங்க, அதான் கணக்கு” என்றார். பிறகு தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டார். எனக்கு இரண்டு பத்தி தேவைப்பட்ட விஷயம் அவருக்கு ஒரு வரியில் முடிந்துவிட்டது. காஞ்சிபுரத்து ஆட்களுக்கு இது கைவந்த கலை. புடவையை விரித்துக் காட்டினால் மற்ற ஊர்க்காரர்கள் முந்தானை ஜரிகையைப் பார்ப்பார்கள். இவர்கள் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

கொடிக்கும் ஒரு நயம் உண்டு. விமானப்படைக் கொடியின் நிலம் வான நீலம். மூலையில் மூவர்ணக் கொடி, எதிர்க்கீழ் மூலையில் காவி, வெள்ளை, பச்சை வட்டங்கள். 2023 அக்டோபர் 8 அன்று பிரயாக்ராஜில் படையின் இலச்சினையையும் அதில் சேர்த்துப் புதுக்கொடி ஏற்றினார்கள். அந்த இலச்சினையில் ஒரு வடமொழி வாசகம் இருக்கிறது. ஏனாத்தூரில் சங்கர மடத்தின் பல்கலைக்கழகம் இருப்பதால் எங்கள் பக்கத்தில் வடமொழிக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றாலே யாராவது ஒரு மாணவர் எதையாவது உருப்போட்டுக்கொண்டிருப்பார். படையின் வாசகம் கீதையின் பதினோராம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. வானத்தைத் தொட்டுக்கொண்டு சுடர்விடும் உருவத்தைப் பற்றியது. அந்தச் சுலோகத்தை மிச்சமும் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். விசுவரூபத்தைப் பார்த்து நிலைகொள்ளாமல், உள்ளம் நடுங்குகிறது என்று அர்ச்சுனன் சொல்லும் இடம் அது. பெரிய வீரன் ஒருவன் பயந்துபோய்ச் சொன்ன வார்த்தையை ஒரு படை தன் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது. யார் தேர்ந்தெடுத்தார்களோ, ரசனையுள்ள ஆள்.

தேசியக் கொடியைப் பற்றிய விதிகளில் இன்னொரு வரி எனக்குப் பிடிக்கும். படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் கொடியைப் பாடை மீது போர்த்தலாம். காவிப் பக்கம் தலைமாட்டில் வர வேண்டும். ஆனால் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. ஆள் போவார், கொடி திரும்பும். சட்டப் புத்தகம் எழுதியவர்களுக்கு இதில் கவிதை எழுதும் எண்ணம் இருந்திருக்காது.

வரிசையில் நிற்கிறவனுக்குச் செய்யும் மரியாதை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், காஞ்சிக்குள், வைகுண்டப் பெருமாள் கோயில். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. உள்சுற்று மண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. பட்டாபிஷேகம், தூது, போர். மணற்கல் ஆனதால் பல இடங்களில் முகம் கரைந்துவிட்டது. அரசர்களைக் கண்டுபிடிக்கக் குடை இருக்கிறது, சிம்மாசனம் இருக்கிறது. நான் அங்கே போகும்போதெல்லாம் பார்ப்பது கீழ் வரிசைக் காலாட்களை. வாளும் கேடயமுமாக ஒருவன் மீது ஒருவன் மோதிக்கொண்டு நிற்கும் சின்ன உருவங்கள். ஒருவன் முழங்கால் மடிந்திருக்கும் விதமும் பக்கத்தில் இருப்பவன் மடிந்திருக்கும் விதமும் ஒன்றல்ல. பெயரில்லாத ஆட்களுக்கு அந்த ஸ்தபதி செய்த மரியாதை அது. எல்லாரையும் ஒரே அச்சில் தட்டிவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

அதே பல்லவர் காலத்து நடுகற்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. மாட்டுச் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. வில்லும் வாளுமாக அவன் நிற்க, பக்கத்தில் ஒரு நாய். கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் வெட்டி, கள்வர்களைக் கடித்து அது காவல் காத்ததையும் எழுதிவிட்டார்கள். காஞ்சியிலிருந்து ஆண்ட மகாராஜாவின் பெயர் கல்லில் இருப்பது ஆண்டுக் கணக்கு சொல்வதற்காக. கல் நாட்டியது வீரனுக்காகவும் நாய்க்காகவும். அவன் எடுத்த ஆயுதம் எது, கூட இருந்தது யார் என்று ஒன்றுவிடாமல் குறிக்கும் இந்தச் சிரத்தையை நினைத்துக்கொண்டு ராமாபுரத்துத் தொப்பியையும் பட்டையையும் பார்த்தால், வைத்தவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ அது பழைய வழக்கம்தான். டெல்லி கணேஷ் பிறந்த வல்லநாடும் சும்மா ஊரில்லை. கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவனுக்கு மணிமண்டபம் இருக்கும் ஊர்.

உலகம் முழுக்க இவரைப் போலப் படையில் இருந்த நடிகர்கள் உண்டு. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டி இருபது தாக்குதல்களுக்குப் போனவர். பிற்காலத்தில் ரிசர்வ் படையில் பிரிகேடியர் ஜெனரல் வரை உயர்ந்தார். நம் பக்கத்தில் மலையாளத்து ஜெயன். சுமார் பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்துவிட்டு நடிக்க வந்தார். 1980 நவம்பரில் சென்னையை ஒட்டிய சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக்காட்சி எடுக்கும்போது இறந்தார். ஆனால் டெல்லி கணேஷின் பட்டைக்கு நேரே வைக்கத் தகுந்தது லீ மார்வினின் கல்லறை. ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் நட்சத்திரம், 1987-ல் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருக்கு வைத்த கல்லில் பெயர், மரைன் படையில் பிரைவேட் முதல் வகுப்பு என்ற அடிமட்டப் பதவி, இரண்டாம் உலகப் போர், பிறந்த தேதி, இறந்த தேதி. சினிமா என்ற சொல் கிடையாது. 1944-ல் சைபான் தீவில் குண்டடி பட்ட இளைஞன் ஒருவன் மட்டும் அந்தக் கல்லில் இருக்கிறான். பக்கத்துக் கல் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுடையது.

அங்கே கல் சினிமாவைச் சொல்லவில்லை. இங்கே நேர்மாறாக, சினிமாவே படையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கே. பாலசந்தர் இரண்டு பேருக்குப் பெயர் ஒட்டக் காரணமாக இருந்திருக்கிறார். ஒருவர் சுந்தரராஜன். பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்திலும் 1966-ல் வந்த படத்திலும் பார்வையிழந்த ஓய்வுபெற்ற மேஜராக நடித்தார். வேடம் ஒட்டிக்கொண்டது, கடைசி வரை மேஜர் சுந்தரராஜன். ராணுவத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை, ஆனால் தமிழ்நாடே அவருக்கு மேஜர் பதவி கொடுத்து வைத்திருந்தது. இன்னொருவர் கணேசன். பத்து வருஷம் நிஜமாகவே படையில் இருந்தவர். அவருக்குப் பாலசந்தர் வைத்த பெயரில் பதவி இல்லை, ஊர் இருந்தது. வேஷத்தில் மேஜரானவர் ஒருவர், வேலையில் இருந்துவிட்டு வெறும் ‘டெல்லி’ ஆனவர் ஒருவர். ஒரே பட்டறையில் இந்த இரண்டும் நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாலசந்தரே இதை வைத்து ஒரு காட்சி எழுதியிருக்கலாம்.

அந்த ‘டெல்லி’ எங்கிருந்து வந்தது? வல்லநாட்டுப் பையன் விமானப்படையில் சேர்ந்து அங்கே போனதால் வந்தது. சீருடையில் இருந்த காலத்திலேயே தலைநகரத்துத் தமிழர்களின் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசுவின் ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தைப் பாலசந்தர் படமாக்கியபோது திரைக்கு வந்தார். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு ஊடையும் ஒவ்வொரு இழையிலும் கொக்கி போட்டுக்கொள்வதால்தான் சேலை பிரியாது. கணேசனின் இரண்டு வாழ்க்கைக்கும் கொக்கி போட்ட இழை அந்த டெல்லி நாடக மேடைதான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு படத்தின் டைட்டிலிலும் அந்த இழை தெரிந்துகொண்டே இருந்தது. அதை நாம் ஏதோ அடைமொழி என்று நினைத்துப் படித்துவிட்டுப் போனோம்.

இனி நடிப்புக்கு வருவோம். படையில் இருந்ததால் இப்படி நடித்தார் என்று நிரூபிக்க யாராலும் முடியாது, ரசிகன் ஊகிக்கலாம்.

முதலில் காது. படைமுகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் பாலக்காட்டுக்காரனாக இருக்கலாம், எதிர்க் கட்டிலில் வடசென்னைக்காரன். பத்து வருஷம் அந்தப் பேச்சுகளுக்கு நடுவே இருந்தவருக்குக் காது கூர்மையாகாமல் என்ன செய்யும்? துரை இயக்கிய ‘பசி’யில் (1979) சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், ஷோபாவின் அப்பா. நெல்லைச் சீமைக்காரர் ஒருவர் சென்னைக் குடிசைப்பகுதித் தமிழ் பேசுகிறார் என்ற உறுத்தல் எங்கும் இல்லை. கொச்சையை வேடிக்கை காட்டுவதற்காகப் பேசுகிறவர்களிடம் ஒரு துள்ளல் தெரியும். இவரிடம் அது இல்லை. களைத்துப்போன ஆள் பேசும் களைத்துப்போன தமிழ். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படத்தில் இவருக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. பதினோரு வருஷம் கழித்து ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் அந்த அமளியில் கமல், எஸ்.என். லட்சுமி என்று ஆளாளுக்கு வெடித்துக்கொண்டிருப்பார்கள். கிரேசி மோகனின் வசனமோ மூச்சு விட இடம் தராது. இவர் அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்துக்கொண்டே பாலக்காட்டு இழுவையைக் கீழே விடாமல் வைத்திருக்கிறார். வேகமாகப் பேசினால் இழுவை போகும், இழுத்தால் நகைச்சுவை போகும். இரண்டும் போகவில்லை.

காதை விடவும் எனக்குப் பிடித்தது அவர் நிற்கும் விதம். வரிசையில் நிற்பது என்பது ஒரு தனி வித்தை. முன்னால் இருப்பவனை இடிக்கக் கூடாது, பின்னால் ஒதுங்கவும் கூடாது. நம் இடம் எது என்பது பார்க்காமலே தெரிய வேண்டும். தமிழ்ப் படங்களில் துணை நடிகர்களை இரண்டு விதமாகப் பார்க்கலாம். கதாநாயகன் பேசும்போது தானும் ஏதாவது செய்து கவனத்தை இழுப்பவர்கள் ஒரு விதம்; தன் முறை வரும் வரை மரமாக நின்று பிறகு உயிர் வருபவர்கள் இன்னொரு விதம். டெல்லி கணேஷ் இரண்டிலும் சேர மாட்டார். ‘நாயகன்’ படத்து அய்யரைப் பாருங்கள். வேலு நாயக்கரின் நிழலில் நிற்கும் ஆள். நாயக்கராகக் கமல் திரையை நிறைத்துக்கொண்டிருக்கும்போது இவர் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பது என்பதை ஒரு வேலையாகச் செய்வார். அவர் கேட்பதைப் பார்த்துத்தான் பேசுகிறவரின் பெரியமனுஷத்தனம் நமக்கு உறைக்கும்.

அதே ஆளுக்கு ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லன் வேடம். பிரான்சிஸ் அன்பரசு. நல்ல மனிதர்களின் முகம் என்று நாம் முத்திரை குத்தி வைத்திருந்த முகம். வில்லத்தனத்துக்காகப் புருவத்தையோ குரலையோ பெரிதாகத் திருகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் போன்ற சாதாரணத்தோடு கெட்டவனாக இருந்தார். நான்கு வில்லன்களில் கூடுதலாகப் பயமுறுத்தியது அந்தச் சாதாரணம்தான் என்பது என் கட்சி; நாசர் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘சிந்து பைரவி’யின் குருமூர்த்தி. 1985. மிருதங்க வித்வான், குடிகாரர். குடித்துவிட்டு வந்ததற்காகக் கதாநாயகனான பாடகர் ஜேகேபி அவரை மேடையேற விடுவதில்லை. அவமானப்படும் காட்சி என்றால் நம் நடிகர்களுக்கு அல்வா. அழுகை, தழுதழுப்பு, மூச்சிரைப்பு எல்லாம் வரிசையாக வரும். டெல்லி கணேஷ் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மேலே இருப்பவர் ஒழுக்கம் தவறியதற்காகத் திட்டும்போது திட்டு நியாயம் என்று தெரிந்தவன் எப்படி நிற்பானோ அப்படிக் கூனிக் குறுகி நிற்கிறார். பதில் பேச இடமில்லை என்பது அந்த உடம்புக்குத் தெரிகிறது. பரேடு மைதானத்தில் சட்டைப் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டவன் நிற்கும் நிலையும் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும். பின்னால் அதே ஜேகேபி குடியில் விழும்போது அந்தப் பழைய காட்சியின் கனம் இன்னொரு மடங்கு ஏறுகிறது. பாலசந்தர் திரைக்கதையில் போட்ட வட்டம் அது. அந்த வட்டம் மூட, முதல் முனையில் நின்றவர் தன் பங்கை அளந்து செய்திருக்க வேண்டும், செய்திருக்கிறார்.

அவர் படையில் இருந்த பத்து வருஷத்துக்குள் 1965 போரும் வந்தது, 1971 போரும் வந்தது. அந்தக் காலத்துச் சீருடைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு வருஷங்களை வைத்துத்தான் மற்ற வருஷங்களை எண்ணுவார்கள். டெல்லி கணேஷை நாம் எண்ணிய விதம் வேறு: பசிக்கு முன், பசிக்குப் பின், சிந்து பைரவி, நாயகன், கமல் படங்கள், பிறகு சின்னத்திரை, குறும்படங்கள், கடைசியாக 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’. அவர் எந்தக் கணக்கில் தன்னை எண்ணிக்கொண்டாரோ தெரியாது. விமானப்படையின் பேரேட்டில் மட்டும் அவர் கணக்கு 1964-ல் தொடங்கி 1974-ல் முடிகிறது, நடுவில் ஒரு படத்தின் பெயரும் இல்லாமல்.